பூப்பூவின் ஊரில்

2009 மார்கழிக் குளிரில் லிமோஜ் நகருக்கு வந்து சேர்ந்தேன். அதற்கு முன் ஒரு வருடம் பாரிஸில், லாச்சப்பல் பக்கம் இருந்தேன். அங்கே கடை, கோயில், முடிவெட்டு எல்லாமே தமிழில் நடந்தன, பிரெஞ்சு தேவைப்படவில்லை. லிமோஜில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை.

வேலைக்குப் போய்வரப் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஓர் இரவு அதைத் தோளில் சுமந்து படியேறும்போது, கீழ்வீட்டு முதியவர் கதவைத் திறந்து, "அலே (போ, போ), பூலிடோர்!" என்றார். ஏதோ திட்டுகிறார் என்று நினைத்தேன். மறுநாள் சமையல்காரரிடம் கேட்டேன். அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கதை சொன்னார்.

ரேமோன் பூலிடோர், 1936இல் பக்கத்து குரூஸ் மாவட்டத்தில், பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்ஸைச் சுற்றி நடக்கும் துர் து பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் 14 தடவை ஓடினார். 3 தடவை இரண்டாமிடம், 5 தடவை மூன்றாமிடம். முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியை ஒரு நாள்கூடப் போட்டதில்லை. திறமை இல்லாமல் அல்ல. 1964இல் ஸ்பெயின் சுற்றுப்பந்தயத்தை வென்றவர் அவர்.

அதே வருடம் ஜூலை 12 அன்று புய் து டோம் மலையேற்றத்தில் எடுத்த படம், எங்கள் தெரு முனைக் கஃபேயில் தொங்குகிறது. மலைச்சுவர் பக்கம் அவருடைய போட்டியாளர் அன்க்தில், வெளிப்பக்கம் பூலிடோர். தோளும் தோளும் உரசுகின்றன. அன்று அன்க்திலை 42 விநாடி முந்தினார் பூலிடோர். ஆனாலும் மொத்தக் கணக்கில் 14 விநாடி பின்தங்கியே இருந்தார். பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது இடைவெளி 55 விநாடி. அன்க்தில் இந்தப் பந்தயத்தை 5 தடவை வென்றவர். ஆனால் சனம் செல்லப்பெயர் வைத்தது பூலிடோருக்குத்தான்: பூப்பூ.

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம் வரும். யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் தடை இருந்த 90களில், கரியரில் இரண்டு மூட்டை கட்டி, எதிர்க்காற்றில் எழுந்து நின்று மிதிப்பார். அவருக்கு யாரும் கை தட்டியதில்லை. இங்கே அப்படி மிதித்த ஒரு விவசாயி மகனை ஒரு நாடே தலையில் வைத்துக் கொண்டாடுவதைப் பார்க்க மனம் நிறைந்தது. இந்த ஊர் எனக்குப் பிடிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

1977இல் ஓட்டத்தை நிறுத்திய பூலிடோர், கடைசிவரை லிமோஜிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சேன்-லெயோனாரில்தான் வாழ்ந்தார். ஒவ்வொரு ஜூலையும், ஜெர்சிக்குப் பணம் தரும் வங்கிக்காக, மஞ்சள் சட்டையோடு பந்தயத்தின் கூடவே ஊர் ஊராகப் போனார். 2016 ஜூலை 5 அன்று பந்தயம் லிமோஜுக்கு வந்தது. லீவு போட்டுவிட்டு ஓடினேன். அவர் ஓடியதையே பார்த்திராத என் வயதுக்காரர்கள் "பூப்பூ! பூப்பூ!" என்று கத்தினார்கள். அப்புறம் நானும் கத்தினேன்.

2019 நவம்பரில் அவர் போய்விட்டார். 2021 ஜூன் 27 அன்று கீழ்வீட்டு முதியவர் என் கதவைத் தட்டி, பேச்சு வராமல் கையைப் பிடித்து இழுத்தார். தொலைக்காட்சியில் பூலிடோரின் பேரன், மத்தியூ வன் டெர் பூல், அந்த வருட துர் து பிரான்ஸில் மூர்-து-பிரத்தாஞ் மேட்டில் ஜெயித்து வானத்தை நோக்கி விரல் காட்டினார். மஞ்சள் ஜெர்சி அவருக்கு. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் முதியவர் எழுந்து நின்றே பார்த்தார்.