டிரம்மும் அரை எச்பி மோட்டாரும்: கூடுகை நாட்குறிப்பு

ஜனவரி 22, வியாழன்

நாளை மறுநாள் கூடுகை. ஆண்டுக்கு ஒருமுறை கோவையில், ஒரு கல்லூரிக் கூடத்தில் நடக்கும். சொந்தமாக எதையாவது செய்தவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் திறந்து வைத்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் விளக்க வேண்டும். 2006ல் அமெரிக்காவின் சான் மேட்டியோவில் முதல் மேக்கர் ஃபேர் நடந்ததிலிருந்து இந்த மாதிரி விழாக்கள் பல நாடுகளுக்குப் பரவிவிட்டன, ஆனாலும் லேத்து பட்டறையும் ஃபவுண்டரியுமாக வளர்ந்த நம் ஊரில் நடக்கும்போது அதன் சந்தோஷமே வேறு.

நான் கொண்டுபோவது டிரை ரன் பிரிவென்டர், தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி. போன ஏப்ரலில் அன்னூரில் எங்கள் வீட்டு போர், 800 அடி, தண்ணீர் வற்றியது தெரியாமல் ராத்திரி முழுக்க மோட்டார் ஓடி காயில் கருகிவிட்டது. ஐயன், எங்கப்பா, அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாருக்கு லோடு குறையும், ஆம்ப்ஸ் இறங்கும், இறங்கினால் ரிலே, அதாவது தானியங்கி சுவிட்ச், கட் பண்ணட்டும் என்று ஆர்டுயினோ என்ற சின்ன புரோகிராம் போர்டில் எழுதி வைத்தேன்.

ஜனவரி 24, சனி

காலை ஆறு மணி பஸ். செய்து காட்டத் தண்ணீர் டிரம், அரை எச்பி மோனோபிளாக் பம்ப், ஹோஸ், எல்லாவற்றுக்கும் சேர்த்து லக்கேஜ் டிக்கெட்.

கூடம் நிறைந்திருந்தது. பக்கத்து மேசையில் ஒரு பெண் வெட் கிரைண்டர் மோட்டாரை அறுத்து உள்ளே காட்டிக்கொண்டிருந்தார், குழந்தைகள் அங்கேயே நின்றார்கள். 1937ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்த ஊர் இது என்று அவர் சொல்லும்போது ஒரு பையன் செம்புக் கம்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு அந்தப் பையனைத்தான் நினைவிருக்கிறது.

என் மேசையில் நன்றாகவே போனது. தண்ணீர் ஏறும்போது 3.6 ஆம்ப்ஸ், ஹோஸ் நுனியில் இருக்கும் ஃபுட் வால்வைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் 2.9. எல்லை 3.2 என்று வைத்திருந்தேன், ஒவ்வொரு முறையும் ரிலே டக்கென்று விழுந்தது. கைதட்டினார்கள்.

மூன்று மணி வாக்கில், வெள்ளை வேட்டியில் வயதான ஒருவர் வந்து டப்பாவுக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நாற்பது வருஷமாக காயில் கட்டுகிறாராம்.

"தம்பி, ராத்திரி வோல்டேஜ் ஏறுமே, அப்பப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க."

கிரைண்டர் மேசைக்காரரிடம் வோல்டேஜை ஏற்றி இறக்கும் வேரியாக் இருந்தது, இரவல் வாங்கி 250 வோல்ட் வரை ஏற்றினோம். வால்வைத் தூக்கினேன். ஹோஸில் காற்று இரைந்தது, மோட்டார் சத்தம் மாறியது, மீட்டர் 3.4 காட்டிக்கொண்டு நின்றது. ரிலே விழவில்லை. சீல் கருகிவிடும் என்று நானே சுவிட்சை அணைத்தேன். வீட்டில் மாட்டியிருந்தால் ராத்திரிதானே மோட்டார் ஓடும், அந்த நேரத்தில்தானே இது கைவிட்டிருக்கும் என்று நினைத்தபோது வயிறு கலங்கிவிட்டது.

அவர் திட்டவில்லை. பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்: சும்மா சுற்றுகிற மோட்டாரும் காந்தம் உண்டாக்க ஆம்ப்ஸ் இழுக்கும், வோல்டேஜ் ஏறினால் அது இன்னும் ஏறும், வேலைக்குப் போகிற மின்சாரம் அதில் தனியாகத் தெரியாது. "ஆம்ப்ஸ நம்பாதீங்க, வாட்ஸப் பாருங்க."

ஜனவரி 25, ஞாயிறு

நேற்று இரவு சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து புரோகிராமை மாற்றினேன். நான் வாங்கிப் போட்ட மீட்டர் மாட்யூல் வோல்டேஜ், ஆம்ப்ஸ், வாட்ஸ் மூன்றையும் அளக்கிறது, அதில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு மற்றதை நான்தான் விட்டுவிட்டேன்.

காலையில் மறுபடி வேரியாக். 230ல் தண்ணீரோடு 620 வாட்ஸ், தண்ணீர் இல்லாமல் 290. 250க்கு ஏற்றியும் தண்ணீர் இல்லாமல் 330தான். எல்லையை 450ல் வைத்தேன். 210, 230, 250 என்று மூன்றிலும் வால்வைத் தூக்கித் தூக்கிப் பார்த்தோம், மூன்றிலும் கட் ஆனது. பெரியவர் வந்து நின்று பார்த்துவிட்டு, "இப்பச் சரிங்க" என்றார்.

மற்றவர்கள் என்ன கொண்டுவந்தார்கள் என்று சுற்றிப் பார்க்கவே நேரமில்லை. அடுத்த வருஷம் ஒரு நாள் முன்னாடியே போக வேண்டும்.

ஜனவரி 26, திங்கள்

வீட்டு போரில் மாட்டியாயிற்று. ஒரு எச்பி என்பதால் எல்லையைப் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது, தண்ணீர் வரும்போது வாட்ஸ் எவ்வளவு என்று அளந்து, அதில் 70 சதவீதம் என்று வைத்திருக்கிறேன். ராத்திரி 10.40க்கு போர் வற்றியது. ஆறு நொடியில் மோட்டார் நின்றது. கட்டிலில் இருந்து ஐயன், "கரண்ட் போயிருச்சா?" என்று கேட்டார். லைட் எரிவதைக் காட்டினேன்.

புதன்கிழமை பெரியவரின் பட்டறைக்குப் போகிறேன். அந்தக் கருகின காயிலையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.