செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை, கொழும்பு

இண்டைக்கும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில சரியான சனம். 2019 உயிர்த்த ஞாயிறு அண்டு குண்டு வெடிச்ச அதே கோயில். பொட்டு வைச்ச அம்மாமார், சிங்கள ஆச்சிமார், எல்லாரும் மெழுகுதிரியோட நிண்டவை.

கைப்பிள்ளையோட ஒரு தாய் அழுதுகொண்டு நிண்டா. செபமாலை சொல்லிக்கொண்டிருந்த அன்ரி ஒராள் செபத்தை விட்டிட்டுப் பிள்ளையை வாங்கித் தோளில போட்டா. "ஆறுதலாக் கும்பிட்டிட்டு வாங்கோ பிள்ளை, நான் வைச்சிருக்கிறன்." என்ன சமயம் எண்டு கேட்கவேயில்லை. ஆண்டவரை நான் அங்கதான் கண்டன்.

காலமை காலமை வேத வசனம் போடுற நான், தனிய இருக்கிற பக்கத்து வீட்டு ஐயாவை எட்டிப் பார்த்து ஒரு மாதம். நெஞ்சு குத்திச்சுது. வழியில பாண் வாங்கிக்கொண்டு போனன். வசனம் ஒண்டும் சொல்லேல்லை. அவர்தான் கேட்டார்: "அந்தோனியாரிட்டயோ போட்டு வாறீர் தம்பி?"