அருளப்பருக்கு நேர்ந்த செபமாலை

என் மகன் திருத்தொண்டராக, அதாவது குருவுக்கு முந்தைய நிலையில், திருநிலைப்படுத்தப்பட்டால் நற்செய்தியாளர் புனித அருளப்பரின் (யோவானின்) கல்லறையில் செபமாலை சொல்வேன் என்று நேர்ந்திருந்தேன். அந்தக் கடனைச் செலுத்தவே அவனோடு துருக்கியிலுள்ள பழைய எபேசு நகருக்குப் போனேன்.

வாசலிலேயே பழங்காசு என்று சொல்லிப் போலி நாணயம் விற்பவர்கள் வழிமறித்தார்கள். உள்ளே, செல்சுஸ் நூலகத்தின் முன் படமெடுக்க முண்டியடித்த கூட்டத்தில் மனம் செபத்தில் ஒட்டவில்லை. மரியன்னை ஆலயத்துக்கு நேரமில்லை என்று வழிகாட்டி சொன்னபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. 431இல் கூடிய திருச்சபை ஆயர்களின் பொதுச்சங்கம் அன்னையை இறைவனின் தாய் என்று போற்றிய இடத்தை மிதிக்காமல் திரும்புவதா? மகன் கெஞ்சி இருபது நிமிடம் வாங்கினான்.

கூரையில்லாத அந்த நீண்ட ஆலயத்தில் யாருமில்லை. அங்கே நின்று அவன் சொன்னதைக் கேட்ட பின் என் கால்கள் நகரவில்லை. அன்னையைப் போற்றிய அதே ஆலயத்தில், பதினெட்டே ஆண்டுகளில், 449 ஆகஸ்டில் கூடிய மற்றொரு ஆயர் சங்கத்தில், கான்ஸ்டாண்டிநோபிளின் பேராயர் பிளாவியனைப் பதவியிறக்கினார்கள். கிறிஸ்துவுக்கு இறை இயல்பு, மனித இயல்பு என்று இரண்டு உண்டு என்பதை ஏற்க மறுத்த யூத்திக்கேஸ் என்னும் துறவியை அவர் முந்தைய ஆண்டு கண்டித்திருந்தார், அதுவே குற்றமாயிற்று. தலைமை வகித்த அலெக்சாந்திரியாவின் பேராயர் தியோஸ்கோருடைய முழங்காலைப் பற்றி ஆயர்கள் சிலர் மன்றாட, அவர் அதிகாரிகளைக் கூப்பிட, திறந்த கதவு வழியே படைவீரரும் துறவிகளும் புகுந்தார்கள். வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்கினார்கள் என்றும், குறிப்பெடுத்த எழுத்தர்களின் விரல் முறியும் அளவுக்கு மசிக்கூட்டைப் பறிக்கப் பார்த்தார்கள் என்றும் 451இல் கால்செதோன் சங்கத்தில் ஆயர்களே சாட்சி சொன்னார்கள். பிளாவியன் விரைவிலேயே நாடுகடத்தலில் உயிர்விட்டார்; அங்கு வாங்கிய அடிகளே காரணம் என்பது பழைய வழக்கு. கைநீட்டியவர்களும் நிசேயா விசுவாச அறிக்கையைச் சொல்பவர்களே என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிளாவியனுடைய தாய் இதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று எண்ணி, மகனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவன் புன்னகையோடு, "அம்மா, தப்பியவரும் ஒரு திருத்தொண்டர்தான்" என்றான். திருத்தந்தை சிங்கராயரின் (லியோவின்) தூதராக வந்த இலாரியுஸ், 'மறுக்கப்படுகிறது' என்று ஒற்றை இலத்தீன் சொல்லில் எதிர்த்துவிட்டுத் தப்பி, அருளப்பரின் கல்லறையில் ஒளிந்திருந்தாராம். 461இல் அவரே திருத்தந்தையானதும் உரோமையின் இலாத்தரான் திருமுழுக்கு ஆலயத்தில் அருளப்பருக்குச் சிற்றாலயம் கட்டி, 'தம் விடுவிப்பவருக்கு' என்று கல்லில் பொறித்து வைத்தார். அதுவும் ஒரு நேர்ச்சைக்கடன்தானே!

மலைமேல், நான்கு தூண்களுக்கு நடுவில், அருளப்பரின் கல்லறைப் பளிங்கு வெயிலில் கொதித்தது. முழந்தாளிட்டபோது சொல்லவேண்டிய வேண்டுதல்கள் எல்லாம் மறந்துபோய், நன்றி என்ற ஒன்றே வாயில் வந்தது. கீழே பேருந்து ஒலியெழுப்பிக்கொண்டே இருந்தது. கடைசிப் பத்து மணிகளைப் பிளாவியனுக்காகச் சொல்லி முடித்த பிறகே எழுந்தேன்.