சர்வர் வாங்கிய காலமும் மாத பில்லும்

2000-களின் பின்பாதியில் சென்னையில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒரு சர்வர், அதாவது நிறுவனத்தின் மொத்த வேலையையும் தாங்கும் பெரிய கம்ப்யூட்டர், வாங்குவது பெண் பார்த்து முடிப்பது மாதிரி இழுக்கும். மூன்று டீலரிடம் கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டு ஒரு தாள் தயார் செய்து, அக்கவுண்ட்ஸ் மேனேஜர், ஜி.எம்., முதலாளி என்று ஒவ்வொரு மேஜையிலும் கையெழுத்து வாங்க வேண்டும். அப்புறம் பர்ச்சேஸ் ஆர்டர், டெலிவரி, வருடாவருடம் ஏ.எம்.சி. என்ற பராமரிப்பு ஒப்பந்தம். இத்தனை பாடு இருப்பதால் யாரும் சின்னதாகக் கேட்க மாட்டோம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரக் கூட்டத்தை மனதில் வைத்து, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்துத்தான் கேட்போம். மீதி ஐம்பது வாரம் அந்த மெஷின் பெரும்பாலும் சும்மா சூடேறிக்கொண்டிருக்கும்.

அந்தச் சூட்டைத் தணிக்க ஏசி. அதன் கரண்ட் பில் கட்டடக் கணக்கில் போகும். 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல், நிர்வாகச் செலவு. யூ.பி.எஸ். பேட்டரி இன்னொரு தலைப்பில். கம்ப்யூட்டருக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று கேட்டால் எங்கள் அக்கவுண்ட்ஸுக்கே பதில் தெரியாது. சர்வரை வாங்காமல் இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கிளவுட் வந்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது, இவையெல்லாம் ஒரே பில்லில் வந்து நின்றதுதான். விலை குறைந்ததா என்பது இரண்டாவது கேள்வி.

அமேசான் 2006 மார்ச்சில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்3 சேவையைத் திறந்தபோது ஒரு ஜி.பி.யை ஒரு மாதம் வைத்திருக்க 15 சென்ட். அதே ஆண்டு ஆகஸ்டில் மெஷின்களை வாடகைக்கு விட வந்த ஈ.சி.2-வில் ஒரு மெஷின் மணிக்கு 10 சென்ட். இதில் என்ன பெரிய விஷயம் என்றுதான் இருந்தேன். நியூயார்க் டைம்ஸ் செய்ததைப் படித்த பிறகே உறைத்தது. பழைய இதழ்களின் 1.1 கோடி கட்டுரைகளை பி.டி.எஃப். ஆக்க, 2007-ல் அவர்கள் 100 மெஷின்களை வாடகைக்கு எடுத்து ஒரு நாளுக்குள் முடித்துவிட்டார்கள். 100 மெஷின், 24 மணி நேரம், மணிக்கு 10 சென்ட்: 240 டாலர். ஒரே மெஷினை 100 நாள் ஓட்டியிருந்தாலும் அதே 240 டாலர்தான். சொந்த மெஷினில் இந்தக் கணக்கு வரவே வராது. ஒரு நாளில் முடிய வேண்டுமென்றால் நூறு மெஷின் வாங்க வேண்டும். மறுநாள் அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது?

2016 ஜூனில் அமேசான் மும்பையில் டேட்டா சென்டர்களைத் திறந்தது. அதன் பிறகு நாங்களும் மாறினோம். தீபாவளிக்கு மெஷின்களைக் கூட்டி, முடிந்த மறுநாள் குறைத்துவிடலாம். இது மட்டும் சொன்னபடியே நடந்தது.

சொல்லாமல் வந்தவை பில்லில் தெரிந்தன. மெஷினை நிறுத்தினாலும் அதன் டிஸ்க்குக்கு வாடகை ஓடும். டேட்டா உள்ளே வரக் காசில்லை. மும்பையிலிருந்து வெளியே போக ஜி.பி.க்கு ஏறத்தாழ 11 சென்ட். 2024 பிப்ரவரியிலிருந்து ஒரு மெஷினை இணையத்தில் அடையாளம் காட்டும் பொது ஐ.பி.வி.4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட். டெஸ்ட் மெஷின்களோ இரவும் ஞாயிறும் ஆளில்லாமல் ஓடும். வாரத்துக்கு 168 மணி நேரம். அலுவலக நேரம் போக மீதி 118. தினமும் சாயங்காலம் அணைக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதியதிலேயே பில்லில் அந்தத் தொகை பாதிக்கும் கீழே போய்விட்டது.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஒரு பிழையைப் பிடிக்க, மெஷினில் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் லாக்கின் அளவைக் கூட்டினான். பிழை சிக்கியதும் அப்படியே விட்டுவிட்டான். மாதக் கடைசியில் பில்லில் லாக்குக்கான தொகை எகிறியிருந்தது. “அண்ணா, ஒரு வரிதானே மாத்தினேன்” என்றான். ஒரு வரிதான். முன்பு அந்தத் தொகையைச் செலவழிக்க மூன்று கையெழுத்து வேண்டும். இப்போது ஒரு என்டர் போதும். அவனைத் திட்டி என்ன செய்ய? பில்லைப் பார்க்கும் உரிமையையே அவனைப் போன்றவர்களுக்கு நாங்கள் கொடுத்திருக்கவில்லை. கொடுத்த பிறகு, அவனே மற்றவர்களின் மெஷின்களை நோட்டம் விட ஆரம்பித்தான்.

அக்கவுண்ட்ஸ் மேனேஜரின் கவலை வேறு. “மெஷின் ரேட் ஏறலைங்கறீங்க, பில் மட்டும் ஏறுதே?” என்பார். விலைப்பட்டியல் டாலரில் இருக்கிறது, சார். 2016-ல் 67 ரூபாயாக இருந்த டாலர் 2024 கடைசியில் 85-ஐத் தாண்டிவிட்டது.

ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடும் மெஷினுக்கு மணிக்கணக்கு வாடகை கட்டுபடியாகாது. இணையத்தில் கோப்புகளைச் சேமிக்க உதவும் டிராப்பாக்ஸ் நிறுவனம் தன் கோப்புகளில் பெரும்பகுதியைச் சொந்த மெஷின்களுக்கு மாற்றியதில் இரண்டு ஆண்டுகளில் 7.5 கோடி டாலர் அளவுக்கு மிச்சம் என்று 2018-ல் பங்குச்சந்தைக்கு வந்தபோது காட்டியது. எங்களிடம் அப்படி ஓடுவது டேட்டாபேஸ் ஒன்றுதான். மூன்று வருடத்துக்கு முன்பதிவு செய்தால் தள்ளுபடி உண்டு. சொந்தமாக வாங்கினால் அதைவிடக் குறையும் என்று போன மீட்டிங்கில் நானே கணக்குப் போட்டுக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு டிஸ்க் போனால் யார் வருவது என்று ஜி.எம். கேட்டார். யாரும் கை தூக்கவில்லை, நானும்தான். முன்பதிவுக்கே ஓகே ஆனது.