காய்ச்சலோட கிளாஸுக்கு வர்ற பசங்க

காலேஜ் பசங்களுக்கு விழிப்புணர்வு பத்தலன்னு யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு சுருக்குன்னு இருக்கும். கொரோனா எப்படி பரவும், என்னென்ன அறிகுறி, எவ்ளோ நேரம் கை கழுவணும்னு எந்த ஸ்டூடண்ட்ட நிறுத்தி கேட்டாலும் கடகடன்னு சொல்லிடுவாங்க. 2020 மார்ச் 11 அன்னிக்கு உலக சுகாதார நிறுவனம் இத பெருந்தொற்றுன்னு அறிவிச்சப்போ ஸ்கூல்ல இருந்த பசங்க இவங்க, வீட்ல அடைஞ்சு கிடந்து போன்ல பாடம் படிச்சவங்க, இவங்களுக்கா தெரியாது?

தெரிஞ்சது எவ்ளோ, நினைக்கிறது என்ன, செய்யறது என்னன்னு மூணா பிரிச்சு கேக்குற சர்வே ஃபார்ம் நிறைய பாத்திருக்கேன். அதுல "அடிக்கடி கை கழுவுவீங்களா"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் டிக் பண்ணுவாங்க, யாரு இல்லன்னு போடப்போறா. பதில் வேணும்னா லேப் வாசல்ல இருக்குற வாஷ் பேசின்ல போய் நின்னு பாக்கணும். சோப்பு இருக்கிற நாள்ல முக்கால்வாசி பேர் போடறாங்க, தீந்துபோன நாள்ல சும்மா விரல் நுனிய நனைச்சிட்டு பேண்ட்ல துடைச்சிட்டு போறாங்க. சோப்பு போடறவங்கள்லயும் கட்டை விரல தேய்க்கிறவங்க ரொம்ப கம்மி, உள்ளங்கைய மட்டும் ரெண்டு தடவ உரசிட்டு ஓடிடுவாங்க. இந்த வைரஸ சுத்தி ஒரு கொழுப்பு உறை இருக்கு, சோப்பு அத உடைச்சிடும், ஆனா சோப்பு அந்த இடத்துல பட்டாத்தானே உடைக்கும், அதுக்குத்தான் 20 செகண்ட். சானிடைசர்னா ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்கணும், கை காயிற வரைக்கும் தேய்க்கணும்.

1847ல வியன்னால செம்மல்வெய்ஸ்னு ஒரு டாக்டர் இருந்தாரு. அவரோட பிரசவ வார்டுல அம்மாக்கள் காய்ச்சல் வந்து கொத்து கொத்தா செத்துட்டு இருந்தாங்க, ஏன்னா மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் பிணத்த அறுத்து படிச்சிட்டு அதே கையோட நேரா பிரசவம் பாக்க வந்தாங்க. அவரு குளோரின் கலந்த தண்ணிய வச்சு, இதுல கை கழுவிட்டுத்தான் உள்ள போகணும்னு கறாரா சொல்லிட்டாரு. ஏப்ரல்ல 100 பேர்ல 18 பேர் செத்த இடத்துல ஜூன்ல 2 பேர் அளவுக்கு குறைஞ்சிடுச்சு. கிருமின்னா என்னன்னே உலகத்துக்கு சரியா தெரியாத காலம் அது, அந்த ஸ்டூடண்ட்ஸுக்கும் தெரியாது, ஆனா கழுவுறதுக்கு தண்ணி இருந்துச்சு, கழுவித்தான் ஆகணும்னு விதியும் இருந்துச்சு. நம்ம பசங்களுக்கு நேர் எதிரா எல்லா விவரமும் தெரியும், பேசின்ல சோப்பு இருக்காது!

கைய பத்தியே பேசிட்டு காத்த விட்டுட்டோம், அதுவும் சொல்லணும். 2020 ஆரம்பத்துல கையும் இருமல் துளியும்தான் பெருசா பேசப்பட்டுச்சு, காத்துல தங்கியும் பரவும்னு உலக சுகாதார நிறுவனம் 2021லதான் தெளிவா சொல்லுச்சு, அதுக்குள்ள பழைய போஸ்டர் எல்லா சுவத்துலயும் ஒட்டியாச்சு. அதனால ஏசி ரூம்ல ஜன்னல மூடிட்டு அறுபது பேர் உக்காந்திருப்போம், வாசல்ல மட்டும் சானிடைசர் பாட்டில் இருக்கும். மாஸ்க் போடறவங்களும் மூக்குக்கு கீழதான் போடறாங்க.

ஆனா எனக்கு ரொம்ப மனசு வலிக்கிறது இதெல்லாம் கூட இல்ல. கண்ணு செவந்து, வாய்ல கர்சீப்ப வச்சிட்டு கடைசி பெஞ்ச்ல ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு, ஏம்மா இப்படி வந்தேன்னு கேட்டா "இன்னிக்கு வரலைன்னா ரெக்கார்ட்ல சைன் கிடைக்காது மேம், மாத்திரை போட்டுட்டேன், இப்ப காய்ச்சல் இல்ல"ன்னு சொல்லுது. பாராசிட்டமால் காய்ச்சலத்தான் இறக்கும், பக்கத்துல உக்காந்திருக்கிறவங்களுக்கு பரவுறத நிறுத்தாதுன்னு அந்த பொண்ணுக்கே தெரியும், அது படிக்கிறதே மைக்ரோபயாலஜி. அட்டெண்டன்ஸ் போயிடும், இண்டர்னல் மார்க் போயிடும், மெடிக்கல் சர்டிபிகேட்டுக்கு அலையணும், இவ்ளோவும் யோசிச்சுத்தான் வந்திருக்கு, அந்த இடத்துல நான் இருந்தாலும் வந்திருப்பேன். அறிகுறி தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே பரப்ப ஆரம்பிச்சிடற நோய் இது, அப்போ யார வீட்ல இருக்க சொல்றதுன்னு தெரியாது. கண்ணுக்கு தெரியற அளவுக்கு உடம்பு சரியில்லாதவங்களயாவது தண்டனை இல்லாம வீட்ல இருக்க விடலாம்ல?

எங்க டிபார்ட்மெண்ட்ல இப்போ காய்ச்சல்னு மெசேஜ் போட்டா போதும், சர்டிபிகேட் கேக்கறதில்ல, விட்ட பிராக்டிகல பண்ண மாச கடைசில ஒரு நாள் லேப திறந்து வைக்கிறோம். ஏமாத்துவாங்கன்னு நிறைய பேர் சொன்னாங்க, ஒண்ணு ரெண்டு பேர் ஏமாத்தட்டுமே, மத்தவங்க நெஜமாவே படுத்து ரெஸ்ட் எடுக்கிறாங்க. இண்டர்னல் டெஸ்ட்டுக்கு மட்டும் இன்னும் இது வரல, அடுத்த மீட்டிங்ல அத எடுத்து வைக்கப்போறேன், கூடவே வாஷ் பேசினுக்கு சோப்பு வாங்குற பொறுப்பு யாரோடதுன்னும் கேக்கணும்.