ஓரக்குறிப்பும் முத்திரையும் நிறுத்தி வைத்த ஒரு பழம்பதிப்பு

இத்தாலியில் வாங்கிய ஒரு 16ஆம் நூற்றாண்டு நூலை லண்டனுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன். கிரேக்க, லத்தீன் பழம்பதிப்புகளைச் சேர்ப்பவர்களுக்கு எந்தெந்த இடத்தில் வண்டி நின்றுபோகும் என்பதாவது முன்கூட்டியே தெரியட்டும். கிரேக்க, லத்தீன் அறிஞர் ஐசக் கசாபோன் பதிப்பித்து, 1597இல் ஹைடல்பெர்க்கின் கொம்மெலின் அச்சகம் வெளியிட்ட, பண்டைய கிரேக்க எழுத்தாளர் அதேனேயஸின் ‘டெய்ப்னோசோஃபிஸ்டே’தான் (விருந்தில் அறிஞர்கள் உரையாடுவதாக அமைந்த நூல்) அது. இதனை முதன்முதலில் அச்சேற்றியது 1514இல் வெனிஸ் நகரின் ஆல்டஸ் அச்சகம் என்றாலும், அந்தப் பதிப்பின் விலை என் போன்றோருக்கு எட்டாது. தவிரவும், இன்றுவரை அறிஞர்கள் அதேனேயஸை மேற்கோள் காட்டுவது கசாபோன் பதிப்பின் பக்க எண்ணைக் கொண்டுதான் என்பதால், எனக்கு இதன்மீதே நாட்டம் அதிகம்.

விலை பேசியதிலும் பணம் செலுத்தியதிலும் சிக்கல் ஏதும் இல்லை. நூலில் இரண்டு சிறப்புகள் இருந்தன: முதல் சில பகுதிகளின் ஓரங்களில் பழைய வாசகர் ஒருவர் பழுப்பு மையில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் எழுதிய குறிப்புகள், முகப்புத் தாளின் பின்புறம் ஜெர்மானிய நகர நூலகம் ஒன்றின் முத்திரையும், அதன் கீழே இரட்டைப்படி (நூலகத்தில் ஏற்கெனவே உள்ள பதிப்பின் மிகைப் படி) என்று காட்டும் இன்னொரு சிறு முத்திரையும். இவ்விரண்டுக்காகவே நான் சற்றுக் கூடுதல் விலைக்கு உடன்பட்டேன். இவ்விரண்டுமே பிறகு நூலை இத்தாலியின் ஏற்றுமதி அலுவலகத்தில் நிறுத்தி வைத்தன.

இத்தாலியச் சட்டப்படி, 70 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நூல் நாட்டை விட்டு வெளியேற வேண்டுமானால் அது ஏற்றுமதி அலுவலகத்தின் பார்வைக்குப் போயாக வேண்டும். 2017இல் வந்த திருத்தத்துக்குப் பின், 13,500 யூரோவுக்குக் குறைந்த மதிப்புள்ளவற்றுக்கு முழு அனுமதிச் சான்று தேவையில்லை. உறுதிமொழி எழுதித் தந்தால் போதும். ஆனால் கையெழுத்துப் பிரதிகளுக்கும் 1500 வரை அச்சான நூல்களுக்கும் இந்தச் சலுகை கிடையாது. என் நூலின் விலை வரம்புக்கு வெகு கீழே இருந்ததால் உறுதிமொழியோடு வேலை முடிந்துவிடும் என்று வியாபாரி சொன்னார், அவர் சொன்னதில் பிழையும் இல்லை. படங்களைப் பார்த்த எழுத்தரோ, ஓரத்தில் மையால் எழுதியிருப்பதைக் கண்டதும், இதனைக் கையெழுத்துப் பிரதி என்ற பிரிவில் போட்டுவிட்டார். அந்தப் பிரிவில் விழுந்துவிட்டால், உள்நாட்டுச் சான்றோடு முடிவதில்லை. ஐம்பது ஆண்டு கடந்த கையெழுத்துப் பிரதிகள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறத் தனி உரிமம் கேட்கும். அச்சு நூலுக்கு அந்த உரிமம் அதன் மதிப்பு 50,000 யூரோவுக்கு மேல் இருந்தால்தான் தேவைப்படும்.

நேரில் விளக்கினால் தீர்ந்துவிடும் என்று நம்பி விமானம் ஏறிப் போனேன். அன்று அந்த எழுத்தர் விடுப்பில் இருந்தார்; அவருடைய கோப்பைத் தொட மற்றவர்களுக்கு அதிகாரமில்லை என்றார்கள். அந்தப் பயணத்தில் உருப்படியாக நடந்தது ஒன்றுதான்: வியாபாரியின் கடையில் உட்கார்ந்து நூலைத் தாள் தாளாகச் சரிபார்த்தேன். பிற்காலத்தில் மறு பைண்டிங் செய்தவர் ஓரங்களை வெட்டியபோது குறிப்புகளின் கடைசி எழுத்துகளையும் சேர்த்தே வெட்டியிருந்தார். அதாவது, குறிப்புகள் தற்போதைய பைண்டிங்குக்கு முந்தியவை, அச்சிட்ட நூலின்மேல் எழுதப்பட்டவை. இந்த வெட்டுப்பட்ட ஓரங்களின் படங்களையும், பெரிய நூலகங்கள் இத்தகைய படிகளை அச்சு நூல் என்றே பதிந்து குறிப்புகளைத் தனி வரியில் சுட்டும் பட்டியல் பக்கங்கள் சிலவற்றையும் சேர்த்து, எழுத்தருக்கு மேலே உள்ள அதிகாரிக்கு எழுத்துப்பூர்வமாக அனுப்பிய பிறகே பிரிவு மாற்றப்பட்டது. வாய்மொழி விளக்கத்துக்கு அங்கே மதிப்பில்லை. கோப்பில் சேர்க்கக்கூடிய தாளுக்குத்தான் மதிப்பு.

முத்திரை விவகாரம் இதைவிட நியாயமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2012இல் நேப்பிள்ஸின் ஜிரோலாமினி நூலகத்தை அதன் இயக்குநரே சூறையாடியது வெளிப்பட்ட பிறகு, நூலக முத்திரை உள்ள எந்த நூலையும் இத்தாலியில் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். ஆனால் முத்திரை இருப்பதெல்லாம் திருட்டு அல்ல. 19ஆம் நூற்றாண்டில் மடங்களின் நூல்கள் அரசு நூலகங்களில் வந்து குவிந்தபோது, மியூனிக் போன்ற இடங்களில் ஒரே பதிப்பின் பல படிகள் சேர்ந்துவிட, மிஞ்சியவற்றை முறையாக விற்றார்கள். லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம்கூட 18ஆம் நூற்றாண்டிலேயே இரட்டைப்படிகளை ஏலம் விட்டிருக்கிறது. அலுவலகம் கேட்டது, இந்தப் படி அவ்வாறு விற்கப்பட்டதற்கான ஆதாரம். வியாபாரியிடம் தாம் வாங்கிய ரசீதே இல்லை. ‘இரட்டைப்படி முத்திரை இருக்கிறதே, வேறென்ன வேண்டும்’ என்பதற்கு மேல் ஒரு மின்னஞ்சல்கூட எழுத மறுத்துவிட்டார். பணம் கைக்கு வந்த பின் வியாபாரியின் சுறுசுறுப்பு எங்கே போகிறது என்பது ஆராயத்தக்கது. கடைசியில் நானே அந்த நூலகத்துக்கு, இரு முத்திரைகளின் படங்களோடும் உள்ளட்டையில் அழிந்தும் அழியாமலும் தெரிந்த பழைய அடுக்கெண்ணோடும் (நூலக அலமாரியில் நூலின் இடத்தைக் குறிக்கும் எண்) எழுதினேன். அந்த அடுக்கெண்தான் காப்பாற்றியது. அதனை வைத்து அவர்கள் தங்கள் பழைய பதிவேட்டில் விற்பனைக் குறிப்பைக் கண்டுபிடித்து, பக்கத்தின் படத்தோடு, நூலின்மீது தங்களுக்கு உரிமைக் கோரிக்கை இல்லை என்று கடிதமும் அனுப்பினார்கள், கட்டணம் கேட்கவில்லை. அந்தக் கடிதம் போன பிறகு அலுவலகத்தில் புதிய கேள்வி எழவில்லை. லண்டன் சுங்கத்தில் எந்தத் தகராறும் இல்லை.

எனவே, பணம் கொடுக்கும் முன்பே வியாபாரியிடம் கேட்டுப் பெற வேண்டியவை: முகப்புத் தாளின் இருபுறம், உள்ளட்டைகள், எல்லா முத்திரைகள், கடைசித் தாள் ஆகியவற்றின் படங்கள்; அவர் வாங்கிய ரசீதின் நகல்; ஏற்றுமதி ஒப்புதல் மறுக்கப்பட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்தில் ஓர் உறுதி. முத்திரை சுரண்டப்பட்டிருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் தாள் மெலிந்திருந்தாலோ, விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள்.

கசாபோன் இந்நூலுக்கு எழுதிய விரிவுரை தனித் தொகுதியாக 1600இல் லியோனில் வந்தது. அதை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். மூலமும் விரிவுரையும் சேர்ந்த ‘முதற்பதிப்பு இணை’ என்று அண்மையில் எனக்கு விற்பனைக்கு வந்த ஒன்றில், மூலம் 1612ஆம் ஆண்டு லியோன் மறுபதிப்பாகவும் விரிவுரை 1621ஆம் ஆண்டுப் பதிப்பாகவும் இருந்தன. முகப்புத் தாள்களின் படத்தைக் கேட்ட பிறகே ஆண்டுகள் வெளிவந்தன. ஏற்றுமதி ஒப்புதலையும் நூலகக் கடிதத்தையும் அமிலமற்ற உறையிலிட்டு நூலோடேயே வைத்திருக்கிறேன், அடுத்து வாங்குபவர் முதலில் அவற்றைத்தான் கேட்பார்.