ஆறு நாள் இடைவெளி: கதிர்வீச்சு அறை நாட்குறிப்பு

2.1.2025, வியாழன்

காலை அவுட்புட் சோதனையில் (மெஷின் விடும் கதிர் அளவு சரியா என்று பார்ப்பது) 2.2 சதவீதம் குறைவு. இப்படி வந்தால் லீனாக் (புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை தரும் மெஷின்) மேல் பழி போடுவதற்கு முன் கணக்குத் தாளைத்தான் பார்க்க வேண்டும். அறை 24 டிகிரி, காற்றழுத்தம் 1005 மில்லிபார். கதிரை அளக்கும் சேம்பர், காற்று உள்ளே வந்துபோகும் திறந்த வகை. உள்ளே காற்றின் அடர்த்தி குறைந்தால் ரீடிங்கும் குறையும். திருத்தம் வெப்பத்துக்கு 1.0136, அழுத்தத்துக்கு 1.0082, பெருக்கினால் 1.022. திருத்தம் போட்டதும் மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. தினசரி வரம்பு 3 சதவீதம் என்பதால் திருத்தாத எண்ணும் பாஸ் ஆகிவிடும். தொந்தரவே அதுதான். நிஜமாகவே 2 சதவீதம் நகர்ந்த அன்றும் "எப்பவும் இப்படித்தான் காட்டும்" என்று விட்டுவிடுவார்கள்.

4.1.2025, சனி

பொங்கல் விடுமுறை 14 செவ்வாய், 15 புதன், 16 வியாழன். வெள்ளி மட்டும் தனியாக நிற்கிறது.

6.1.2025, திங்கள்

வெள்ளிக்கும் விடுமுறை. 14 முதல் 19 வரை ஆறு நாள். சிகிச்சைக் கணக்கில் நான்கு நாள் போகிறது.

எல்லோருக்கும் இது ஒரே மாதிரி இழப்பு இல்லை. மார்பகப் புற்றுக்கு 40 கிரே (கதிர் அளவின் அலகு), 15 சிட்டிங் (ஒரு தடவை கதிர் கொடுப்பது ஒரு சிட்டிங்). ஓரிரு நாள் தள்ளினால் பெரிய பாதகம் இல்லை. புற்று பரவிய எலும்பு வலிக்கு 8 கிரே ஒரே சிட்டிங். 13-க்குள் கொடுத்து அனுப்பிவிடலாம், வலியோடு பொங்கல் வேண்டாம். பயம் வாய், தொண்டை, கர்ப்பப்பை வாய் ஆட்களைப் பற்றித்தான். வாய்க்கு 70 கிரே, 35 சிட்டிங், ஏழு வாரம். நான்காவது வாரம் தாண்டியதும் மிச்சமிருக்கும் புற்றணுக்கள் வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். ஒரு நாள் தள்ளினால் சுமார் 0.6 கிரே அந்த வளர்ச்சியை ஈடுகட்டவே போய்விடும். கடைசியில் இரண்டு சிட்டிங் கூட்டிக்கொள்ளலாம் என்பவர்கள், கூடவே தண்டுவடமும் எச்சில் சுரப்பியும் அதை வாங்கிக்கொள்ளும் என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட நாளை மீட்பதே மேல்.

11 சனி, 16 வியாழன், 18 சனி மெஷின் ஓடினால் மூன்று நாள் மீளும். நான்காவதுக்கு ஒரு நாள் இருவேளை: காலை 8, மதியம் 2.30. நடுவே ஆறு மணி நேரம் குறையக் கூடாது; அந்த நேரத்தில்தான் நல்ல திசு தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் 16-ஆம் தேதி கிராமத்திலிருந்து எந்த பஸ்ஸில் வருவார்கள்? வார்டில் படுக்கை கேட்க வேண்டும்.

8.1.2025, புதன்

புது மாஸ்க் (சிகிச்சையில் தலை அசையாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் முகமூடி) இரண்டு. தண்ணீர் 70 டிகிரி, ஷீட் இளகியதும் துண்டில் ஒற்றி, ஒரே இழுப்பில் முகத்தின் மேல். மூக்குத் தண்டு, தாடை, இரண்டையும் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பத்து நிமிடம் ஆறாமல் கழற்றினால் சுருங்கிக்கொள்ளும். மறுநாள் கொக்கி மாட்டாது.

பெண்களுக்குக் கொண்டைதான் எதிரி. சிடி ஸ்கேன் எடுத்த அன்று பின்னல், சிகிச்சைக்குக் கொண்டை என்றால் தலை தூக்கி, தாடை இறங்கி, படத்தில் 5 மில்லிமீட்டர் விலகல். ஒற்றைப் பின்னல், ஒரு பக்கமாக எடுத்துவிட்டு, ஊசி இல்லாமல், பூ இல்லாமல். தினமும் அதேதான். ஆண்களுக்குத் தாடி மாஸ்க் போடும் முன்பே போக வேண்டும், பின்பு இல்லை.

9.1.2025, வியாழன்

மின்சாரம் போனது. மூன்றாவது ஃபீல்டில் (ஒரு திசையிலிருந்து கதிர் விழும் பகுதி) 210-க்கு 137 எம்யூ (மெஷின் கதிரை எண்ணும் அலகு) ஆகியிருந்தது. எழுதிவைத்து, மீதி 73 மட்டும். மறுபடி முழு 210 போடுவதைப்போல முட்டாள்தனம் வேறில்லை.

10.1.2025, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி என்பதை யாருமே யோசிக்கவில்லை. "பச்சைத் தண்ணி பல்லுல படலைம்மா" என்று மேசையில் ஏறிப் படுக்கிறார்கள். கர்ப்பப்பை வாய்க்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும்: முதலில் போய்விட்டு வந்து, அரை லிட்டர் குடித்து, 45 நிமிடம் அடக்க வேண்டும். பை நிறைந்தால் குடல் மேலே ஒதுங்கும். காலியாக இருந்தால் குடல் ஃபீல்டுக்குள் சரியும், கர்ப்பப்பையின் தலையும் இடம் மாறும். ஸ்கேனில் பார்த்து இறக்கி, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாயிற்று. பட்டியல் மாலை ஏழு வரை இழுத்தது. விரதம் பற்றிப் பேசி வாதாடக் கூடாது. "மருந்தா நினைச்சுக் குடிங்கம்மா" என்றால் குடித்துவிடுகிறார்கள்.

11.1.2025, சனி

16-ஆம் தேதி மெஷின் ஓட்ட டாக்டர் கையெழுத்து இன்னும் இல்லை.

13.1.2025, திங்கள்

போகிப் புகை. தொண்டை ஆட்கள் எல்லோருக்கும் இருமல். மாஸ்க்குக்குள் இருமினால் பீமை நிறுத்திவிட்டு மறுபடி பொருத்திப் பார்த்துத்தான் தொடர முடியும்.

வீட்டுக்குப் போகிறவர்களிடம் சொன்னது: கதிர் விழும் இடத்தைக் காட்ட இடுப்பில் வரைந்த கோடுகளின் மேல் எண்ணெய் வேண்டாம், சோப்பு வேண்டாம். அழிந்தால் வீட்டில் பேனாவால் வரையாதீர்கள், அப்படியே வாருங்கள். கரும்பு கடிக்கவே கூடாது, வாய்ப்புண்ணைக் கிழித்துவிடும். சர்க்கரைப் பொங்கலில் பால் விட்டுத் தளர்த்திச் சாப்பிடலாம், உடனே வாய் கொப்பளிக்க வேண்டும்: ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டர், உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன்.

காவலாளியிடமும் சொல்லியாயிற்று: விடுமுறை என்று மெயின் சுவிட்சில் கை வைக்காதீர்கள் அண்ணே. வெற்றிடப் பம்ப் நின்றால் மறுபடி மெஷினைக் கிளப்ப ஒரு நாள் போய்விடும்.

கையெழுத்து வந்தது. மாலை ஆறரைக்கு.

16.1.2025, வியாழன்

வாய், தொண்டை மட்டும். ஒருவர் வரவில்லை, போன் எடுக்கவில்லை.

18.1.2025, சனி

இன்றும் இல்லை. 27 சிட்டிங் முடித்தவர். நிறுத்தக் கூடாத வாரம்.

20.1.2025, திங்கள்

வந்துவிட்டார், தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு. விழுங்க முடியாமல் படுத்துவிட்டாராம். எடை 4 கிலோ குறைவு, கன்னத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவே விரல் நுழைகிறது. இதே மாஸ்க்கில் போட்டால் கழுத்து உள்ளே திரும்பும், தண்டுவடம் வரம்பு தாண்டும். மூக்கு வழி டியூப், புது மாஸ்க், புது சிடி, பிளான் மறுபடி. பிசிக்ஸில் (கதிர் அளவைக் கணக்கிடும் பிரிவு) இன்றே உட்கார்ந்தால் புதன் காலை ஆரம்பிக்கலாம். இருவேளை வைத்தால் இந்த வாய் தாங்குமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.